தட்டில் தண்ணீர் தேங்காத காப்ரேசே சாலட்

தக்காளி, மொசரெல்லா என்ற மென்மையான சீஸ், துளசி வகையான பேசில் இலை, ஆலிவ் எண்ணெய், உப்பு. இத்தாலியின் காப்ரி தீவுப் பெயரைத் தாங்கிய காப்ரேசே சாலட்டுக்கு இவ்வளவு போதும். ஆனால் பரிமாறிய கொஞ்ச நேரத்திலேயே தட்டில் தண்ணீர் கட்டி, எண்ணெய் தனியே மிதக்கும்.

சரிசெய்தது உப்புதான். தக்காளியை வட்டமாக நறுக்கி, உப்பு தூவி, வடிகட்டியில் 15 நிமிடம் வைத்தேன். உப்பு இழுத்த நீர் சொட்டுச் சொட்டாக வடிந்தது. துண்டுகள் இறுகி, சுவையும் கூடியது. நீரில் ஊறி வரும் மொசரெல்லா உருண்டையையும் கையால் பிய்த்து, துணியில் ஒற்றி எடுத்தேன். அதை அரை மணி முன்பே ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்துவிடுங்கள். சில்லென்று இருந்தால் பாலின் மணமே தெரியாது. அப்புறம் எண்ணெய், கடைசியாக பேசில். வினிகர் வேண்டவே வேண்டாம். வடிந்த தக்காளி நீரைக் கொட்டிவிடாதீர்கள், ரொட்டியில் தொட்டுச் சாப்பிட அருமை.