ஐ.டி. பட்டம்: கட்-ஆஃப் பார்ப்பதோடு நின்றுவிடாதீர்கள்

பிளஸ் டூ ரிசல்ட் வந்ததும் வீட்டிலும் தெருவிலும் கேட்கிற முதல் கேள்வி, "கட்-ஆஃப் எவ்வளவு?" ஐ.டி. (தகவல் தொழில்நுட்பம்) பட்டம் கைக்கு வர அது முதல் படிதான். சேர்வதற்கு ஒரு விதி, தேறுவதற்கு ஒரு விதி, அந்தப் பட்டத்தை வைத்து வேலைக்கோ மேற்படிப்புக்கோ போவதற்கு இன்னொரு விதி. மூன்றையும் சேர்வதற்கு முன்பே தெரிந்துகொள்ள வேண்டும். பெரும்பாலான வீடுகளில் முதலாவதை மட்டும் பார்க்கிறார்கள், அதையும் அரைகுறையாக.

சேரும்போது

தமிழ்நாடு பொறியியல் கலந்தாய்வில் கட்-ஆஃப் 200க்குக் கணக்கிடப்படுகிறது. கணித மதிப்பெண் அப்படியே 100க்கு. இயற்பியலும் வேதியியலும் தலா 50க்குக் குறைக்கப்படும். கணிதத்தில் 92, இயற்பியலில் 84, வேதியியலில் 88 என்றால் 92 + 42 + 44 = 178. கணினி அறிவியலில் 99 வாங்கியிருந்தாலும் அது இதில் சேராது. ஐ.டி. படிக்கப் பிளஸ் டூவில் கணினி அறிவியல் எடுத்திருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. உயிரியல், கணிதம் எடுத்தவர்களும் தாராளமாகச் சேரலாம். கணிதம், இயற்பியல், வேதியியல் மூன்றும் இல்லாத வணிகவியல் பிரிவு மாணவர்கள் பொதுக் கல்விப் பிரிவில் (தொழிற்கல்வி அல்லாதது) பி.டெக். ஐ.டி.க்கு விண்ணப்பிக்க முடியாது, பி.சி.ஏ., பி.எஸ்சி. ஐ.டி. பக்கம் போக வேண்டும்.

மேனேஜ்மென்ட் கோட்டாவுக்கு மதிப்பெண் தேவையில்லை என்று நினைப்பது பெரிய தவறு. அந்த மூன்று பாடங்களையும் சேர்த்துப் பொதுப் பிரிவினருக்கு 45 சதவீதம், இட ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 40 சதவீதம் என்ற குறைந்தபட்சத் தகுதி அங்கும் உண்டு. அது இல்லாமல் பணம் கட்டிச் சேர்ந்தால், சேர்க்கைக்கு ஒப்புதல் கிடைக்காது.

போன வருடக் கட்-ஆஃபை மட்டும் நம்பிக் கல்லூரிகளைத் தேர்வு செய்வதும் ஆபத்து. ஒரு வருடம் கணித வினாத்தாள் எளிதாக இருந்தால் 190க்கு மேல் எடுப்பவர்கள் கூடிவிடுவார்கள். போன வருடம் 178க்குக் கிடைத்த இடம் இந்த வருடம் 183க்குக்கூடக் கிடைக்காமல் போகலாம். அதனால் கட்-ஆஃபைவிடத் தரவரிசையை ஒப்பிடுங்கள். உங்கள் சமூகப் பிரிவில் உங்கள் ரேங்க் என்ன, அதே பிரிவில் போன வருடம் அந்தக் கல்லூரி ஐ.டி.யில் கடைசியாக இடம் பெற்றவரின் ரேங்க் என்ன என்று பாருங்கள்.

விருப்பப் பட்டியல் நிரப்புவதில்தான் நல்ல ரேங்க் வீணாகிறது. "இது கிடைக்காது, எதற்கு முதலில் போடுவது" என்று ஆசைப்பட்ட கல்லூரியைக் கீழே தள்ளுகிறார்கள். உங்கள் முறை வரும்போது, பட்டியலில் மேலிருந்து கீழாகப் போய் காலியாக இருக்கும் முதல் இடத்தைத்தான் கணினி தருகிறது. கிடைக்காத கல்லூரியை மேலே போட்டதால் கீழே இருப்பது கைவிட்டுப் போகாது. ஆனால் கிடைக்கக்கூடிய சுமாரான கல்லூரியை மேலே போட்டால், அதற்குக் கீழே இருக்கும் நல்ல கல்லூரியைக் கணினி எட்டிப் பார்க்காது. ஆசை வரிசையில் போடுங்கள், எண்ணிக்கையில் கஞ்சத்தனம் வேண்டாம். ஒரே மாதிரிப் பெயருள்ள கல்லூரிகள் நிறைய உண்டு. பெயரைப் பார்க்காமல் குறியீட்டு எண்ணைச் சரிபாருங்கள். ஐ.டி. என்று நினைத்து வேறொரு கணினிப் பிரிவின் குறியீட்டை அழுத்திவிடுவதும் நடக்கிறது.

தற்காலிக ஒதுக்கீடு வந்த பிறகு "ஏற்று, மேலே கிடைத்தால் அதற்கு மாறுகிறேன்" என்ற வாய்ப்பை எடுத்தவர்கள் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். மேலே இடம் கிடைத்ததும் பழைய இடம் தானாகவே போய்விடும்; திரும்பக் கேட்க முடியாது. "ஏற்றுச் சேர்கிறேன்" என்று சொன்னவர்கள் குறித்த நாளுக்குள் கல்லூரிக்குப் போகாவிட்டால் இடம் அடுத்தவருக்குப் போகும்.

சலுகைகளிலும் தடுமாற்றம் உண்டு. அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டுக்கு 6 முதல் 12 வரை தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். அரசு உதவிபெறும் பள்ளியில் படித்தது கணக்கில் வராது. குடும்பத்தில் முதலில் பட்டம் படிப்பவருக்கான முதல் பட்டதாரி கட்டணச் சலுகை, கலந்தாய்வு வழியாகச் சேர்பவர்களுக்கு மட்டும். அண்ணனோ அக்காவோ ஏற்கெனவே அதைப் பெற்றுப் படித்திருந்தால் தம்பிக்குக் கிடையாது. முதல் பட்டதாரிச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் மே மாதமே விண்ணப்பித்துவிடுங்கள்; ஜூனில் எல்லோரும் ஒரே நேரத்தில் தாலுகா அலுவலகத்தில் நிற்பார்கள்.

தேறும்போது

சேர்ந்த முதல் வாரத்திலேயே உங்களுக்குப் பொருந்தும் ஒழுங்குமுறையை (ரெகுலேஷன், அதாவது பாட, தேர்வு விதிகளின் தொகுப்பு) கேட்டு வாங்குங்கள். சீனியர் சொல்வதை நம்பாதீர்கள்; அவருக்கு வேறு ஒழுங்குமுறையாக இருக்கலாம். தன்னாட்சிக் கல்லூரி என்றால் பட்டம் அண்ணா பல்கலைக்கழகம் தரும், ஆனால் பாடத்திட்டமும் தேர்வு விதியும் கல்லூரியுடையது. இங்கே சொல்லும் எண்கள் அண்ணா பல்கலைக்கழக இணைப்புக் கல்லூரிகளுக்கான 2021 ஒழுங்குமுறையில் உள்ளவை.

அதில் தியரி பாடத்துக்கு இன்டர்னல் (கல்லூரியே போடும் உள்மதிப்பீடு) 40, செமஸ்டர் தேர்வு 60. மொத்தம் 50 எடுத்தால் பாஸ் என்று எல்லோருக்கும் தெரியும். செமஸ்டர் தேர்வில் தனியாக 45 சதவீதம் வேண்டும் என்பதைத்தான் மறக்கிறார்கள். ஒரு மாணவிக்கு இன்டர்னலில் 40க்கு 36. செமஸ்டர் தாளில் 100க்கு 44. அறுபதுக்கு மாற்றினால் 26.4, மொத்தம் 62.4. ஆனாலும் அவர் அரியர்தான், தாளில் 45 இல்லை. இன்னொருவருக்கு இன்டர்னல் 15 மட்டும். அவருக்கு 60க்கு 35 வேண்டும், அதாவது தாளில் 59. இன்டர்னல் நன்றாக இருக்கிறதே என்று தேர்வை அலட்சியம் செய்வதும், தேர்வில் பார்த்துக்கொள்ளலாம் என்று இன்டர்னலை விடுவதும் ஒரே இடத்தில்தான் கொண்டுபோய் விடும்.

வருகைப் பதிவு 75 சதவீதம். செமஸ்டருக்கு 75 வேலை நாள் என்று வைத்தால் 18 நாள் வரை விடுப்பு தாங்கும். 65க்கும் 75க்கும் இடையில் இருந்தால் மருத்துவக் காரணம் போன்றவற்றுக்கு, சான்றிதழோடு விலக்குக் கேட்கலாம். 65க்குக் கீழே போனால் தேர்வு எழுத முடியாது, அந்த செமஸ்டரையே மறுபடி படிக்க வேண்டியதுதான். காய்ச்சல் வந்து திரும்பிய அன்றே சான்றிதழைக் கொடுத்துவிடுங்கள். செமஸ்டர் முடியும்போது மூன்று மாதத்துக்கு முந்திய தேதி போட்டு வாங்கி வரும் சான்றிதழை எந்தத் துறைத்தலைவரும் சந்தேகமாகத்தான் பார்ப்பார்.

ஐ.டி. என்றால் புரோகிராமிங் மட்டும் என்று நினைத்து வருபவர்கள் கணிதத்தில் மாட்டுகிறார்கள். முதல் செமஸ்டரில் அணிகளும் நுண்கணிதமும், இரண்டாவதில் புள்ளியியலும் எண்முறைகளும், மூன்றாவதில் தனிநிலைக் கணிதம், பிறகு கணிமைக் கோட்பாடு. பைத்தானில் கெட்டிக்காரராக இருந்துகொண்டே முதல் செமஸ்டர் கணிதத்தைக் கடைசி வருடம் வரை அரியராகத் தூக்கிச் சுமப்பவர்கள் எல்லாக் கல்லூரியிலும் உண்டு. கணிதத்தில் அரியர் விழுந்தால் அடுத்த வாய்ப்பிலேயே முடித்துவிடுங்கள். ஆறு மாதம் தள்ளினால் சூத்திரம்கூட மறந்துபோகும்.

சிறிய பாடங்களை விடுவது இன்னொரு தவறு. தமிழர் மரபு, தமிழரும் தொழில்நுட்பமும் இரண்டும் ஒரு கிரெடிட் (பாடத்தின் எடையைக் காட்டும் புள்ளி) பாடங்கள்தான். ஆனால் பட்டத்துக்கான மொத்தக் கிரெடிட்டில் ஒன்று குறைந்தாலும் பட்டம் இல்லை. கிரெடிட்டே இல்லாத கட்டாயப் பாடங்களுக்கும் இதே கதைதான்.

பி.எஸ்சி. ஐ.டி., பி.சி.ஏ. படிப்பவர்களுக்கு இந்தச் சிக்கல் பகுதி 4, பகுதி 5 என்ற பெயரில் வரும். சுற்றுச்சூழல் கல்வி, மதிப்புக் கல்வி, என்.எஸ்.எஸ். போன்ற விரிவாக்கப் பணி எல்லாம் அதில் அடங்கும். முதன்மைப் பாடங்களில் முதல் வகுப்பு வாங்கியிருந்தாலும் சுற்றுச்சூழல் கல்வியில் அரியர் இருந்தால் பட்டம் நிற்கும். மொழிப்பாடத்தில் அரியர் வைப்பவர்களுக்கும் அப்படித்தான்.

"அரியர் இருந்தால் என்ன, கடைசியில் கிளியர் செய்துவிடலாம்" என்ற பேச்சில் பாதிதான் உண்மை. நான்கு ஆண்டுப் படிப்பை முடிக்க 14 செமஸ்டர் வரை அவகாசம் இருக்கிறது. ஆனால் 8.50 சி.ஜி.பி.ஏ. (எல்லா செமஸ்டரும் சேர்ந்த தரப்புள்ளிச் சராசரி) இருந்தாலும், எல்லாத் தாளையும் முதல் முயற்சியிலேயே தேறியவருக்கு மட்டும்தான் டிஸ்டிங்ஷன். வளாகத் தேர்வுக்கு வரும் நிறுவனங்கள் பலவும் இப்போது அரியர் இருக்கிறதா என்று பார்க்கும். சில, முன்பு எப்போதாவது இருந்ததா என்றும் கேட்கும்.

பட்டத்துக்குப் பிறகு

தொலைதூரக் கல்வியில் பி.டெக். என்று யாராவது சொன்னால் அங்கேயே பேச்சை முடித்துக்கொள்ளுங்கள். பொறியியல் பட்டத்தைத் தொலைதூர முறையில் நடத்த அனுமதி இல்லை. பி.சி.ஏ.வை அப்படிப் படிக்கலாம். அந்தப் பல்கலைக்கழகத்துக்கு, அந்தப் படிப்புக்கு, நீங்கள் சேரும் கல்வியாண்டுக்கு யு.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) அங்கீகாரம் இருக்கிறதா என்று மூன்றையும் தனித்தனியாகப் பாருங்கள்.

அரசு வேலையை மனதில் வைத்திருப்பவர்கள் பட்டத்தின் பெயரில் கவனமாக இருக்க வேண்டும். அறிவிப்பில் கணினி அறிவியல் பட்டம் என்று இருந்து, உங்கள் கையில் இருப்பது பி.எஸ்சி. ஐ.டி. அல்லது புதுப்பெயர் வைத்த ஏதோ ஒரு கணினிப் படிப்பு என்றால், இரண்டும் சமம் என்று சொல்லும் இணைத்தன்மை அரசாணையைக் கேட்பார்கள். அது பல்கலைக்கழகத்தையும் பட்டத்தையும் குறிப்பிட்டு வருவது. பக்கத்துப் பல்கலைக்கழகத்தின் அதே பெயர்ப் பட்டத்துக்கு இருப்பதால் உங்களுக்கும் பொருந்தும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. அறிவிப்பு வந்த பிறகு தேடத் தொடங்கினால் கடைசித் தேதி முந்திக்கொள்ளும். சேர்வதற்கு முன்பே கல்லூரி அலுவலகத்தில் அரசாணை எண்ணையும் தேதியையும் கேளுங்கள். எண்ணைச் சொல்லாமல் "எல்லாத்துக்கும் செல்லும்" என்று மட்டும் சொன்னால், அந்தப் பதிலை நம்பிக் கட்டணம் கட்டாதீர்கள்.