கல்லாவில் இருப்பதெல்லாம் உங்கள் பணமில்லை: ஜிஎஸ்டியில் சறுக்கும் இடங்கள்

18 சதவீத வரியுள்ள சரக்கை 11,800 ரூபாய்க்கு விற்றால், அதில் 1,800 அரசாங்கத்துடையது. அதையும் சேர்த்து அடுத்த லோடுக்குக் கொடுத்துவிட்டு, 20ஆம் தேதி ரிட்டர்ன் (அரசுக்குக் காட்டும் மாத வரிக் கணக்கு) போட உட்காரும்போது கையைப் பிசைபவர்கள் நிறைய. வரிக்கென்று தனியாக ஒரு வங்கிக் கணக்கு வைத்து வாராவாரம் மாற்றிவிடுங்கள். இதைவிடச் சுலபமான வழி எனக்குத் தெரியவில்லை.

அப்புறம் இன்புட், அதாவது கொள்முதலில் கொடுத்த வரியை நீங்கள் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்வது. பில் கையில் இருந்தால் போதும் என்று நினைப்பதில்தான் அதிகப் பணம் போகிறது. 50,000 ரூபாய்க்குச் சரக்கெடுத்து 9,000 வரியும் கொடுத்திருப்பீர்கள். விற்றவர் அந்த பில்லைத் தன் விற்பனை ரிட்டர்னான ஜிஎஸ்டிஆர்-1இல் ஏற்றவில்லை என்றால், ஜிஎஸ்டி போர்ட்டல் உங்களுக்குக் காட்டும் கொள்முதல் பட்டியலான 2பியில் அது வராது. வராததைக் கழிக்க முடியாது. 9,000 கைக்காசு. சில நேரம் ஏற்றியிருப்பார், ஆனால் உங்கள் ஜிஎஸ்டி எண்ணைப் போடாமல் சில்லறை விற்பனையாகக் காட்டியிருப்பார். மாதாமாதம் 14ஆம் தேதி 2பி வந்ததும் கொள்முதல் பில்களை ஒவ்வொன்றாக டிக் அடித்துப் பாருங்கள். விடுபட்டதை அன்றே போன் போட்டுக் கேளுங்கள். தள்ளிப்போட்டால், நிதியாண்டு முடிந்து வரும் நவம்பர் 30க்குப் பிறகு அந்த இன்புட் போனது போனதுதான்.

கடனுக்குச் சரக்கெடுப்பவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். பில் தேதியிலிருந்து 180 நாளுக்குள் பணம் கொடுக்காவிட்டால், எடுத்த இன்புட்டை வட்டியோடு திருப்ப வேண்டும். பாக்கியை அடைத்தபின் மறுபடி எடுத்துக்கொள்ளலாம், ஆனால் வட்டி வட்டிதான்.

வியாபாரமே நடக்காத மாதத்துக்கும் நில் (பூஜ்ய) ரிட்டர்ன் உண்டு; தாமதமானால் நாளொன்றுக்கு 20 ரூபாய். காலாண்டு ரிட்டர்ன் எடுத்தவர்கள் வரியையும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை கட்டினால் போதும் என்று இருந்துவிடுகிறார்கள். முதல் இரண்டு மாதங்களுக்கும் அடுத்த மாதம் 25க்குள் கட்ட வேண்டும். காம்போசிஷனில் (சிறு வியாபாரிகள் விற்றுமுதலில் ஒரு சிறு சதவீதத்தை வரியாகக் கட்டும் திட்டம்) இருப்பவர் வாடிக்கையாளரிடம் வரி என்று தனியாக வாங்கவே கூடாது.

கடைசியாக, ஜிஎஸ்டி பதிவில் இருப்பது யாருடைய போன் நம்பர்? பல கடைகளில் ஆடிட்டர் அலுவலக நம்பர்தான் இருக்கும். அங்கே வேலை பார்த்த பையன் விலகிப் போயிருப்பான், நோட்டீஸ் போர்ட்டலில் கிடக்கும், பதில் சொல்லும் கெடு தாண்டி உத்தரவே வந்துவிடும். ஆடிட்டர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் சரி, நம்பரும் இமெயிலும் உங்களுடையதாக இருக்கட்டும்.