பத்தரை மணிக்கு டிபன் சாப்பிடப் போகிறவர்களுக்கு

ஞாயிற்றுக்கிழமை மெதுவாக எழுந்து, காலை டிபனையும் மதியச் சாப்பாட்டையும் ஒரே உட்காரலில் முடித்துவிடலாம் என்று நினைக்கிறீர்களா? கும்பகோணம், தஞ்சாவூர், மயிலாடுதுறைப் பக்கத்துச் சின்ன ஓட்டல்களில் அதற்கென்று தனி மெனு கிடையாது, பிரஞ்ச் (brunch) என்று கேட்டால் சர்வர் முழிப்பார். ஆனால் நேரம் பார்த்துப் போனால் அருமையாகச் சாப்பிடலாம்.

நேரம்தான் முக்கியம். பெரும்பாலும் 11 மணிவாக்கில் டிபன் முடிந்துவிடும், இலைச் சாப்பாடு தொடங்க 11.30 அல்லது 12 ஆகும், நடுவில் இட்லிப் பானை இறங்கி உலை ஏறும். அந்த இடைவெளியில் போய் உட்கார்ந்தால் காபிதான் கிடைக்கும். 10 மணிக்கு மேல், 10.30க்குள் உள்ளே போய்விடுங்கள். காலைக் கூட்டம் கலைந்து மின்விசிறிக்குக் கீழே இடம் இருக்கும். கிளம்பும் முன் காலண்டரை ஒரு தடவை பாருங்கள், முகூர்த்த நாளாக இருந்தால் கும்பகோணத்தில் எந்த ஓட்டலிலும் நிம்மதியாக உட்கார முடியாது.

உட்கார்ந்ததும் முதல் கேள்வி, "அண்ணே, கடப்பா இருக்கா?" இட்லிக்கு ஊற்றிக்கொள்ளும் இந்தக் கடப்பாவை எல்லா இடத்திலும் எல்லா நாளும் போடமாட்டார்கள், சில கடைகளில் வாரக் கடைசியில் மட்டும்தான். பாசிப்பருப்பும் உருளைக்கிழங்கும் வேகவைத்து, தேங்காய், பொட்டுக்கடலை, சோம்பு, பச்சைமிளகாய் அரைத்து ஊற்றி, இறக்கியபின் எலுமிச்சை பிழிவார்கள். குருமா மாதிரி தெரியும், ஆனால் மசாலா தூக்கலாக இருக்காது, பருப்பின் வாசம்தான் முன்னால் நிற்கும். இட்லிக்கு இதைவிட நல்ல ஜோடி டெல்டாவில் இல்லை என்பது என் கட்சி. இட்லி மேலேயே ஊற்றச் சொல்லுங்கள், கிண்ணத்தில் வாங்கித் தொட்டுக்கொண்டால் பாதி ருசி போய்விடும். கடப்பா இருக்கிறது என்றால் சாம்பார் வாளியைக் கொஞ்ச நேரம் தள்ளியே நிற்கச் சொல்லலாம்.

ரவா தோசை வேண்டுமென்றால் இட்லி சொல்லும்போதே சேர்த்துச் சொல்லிவிடுங்கள். தண்ணியாகக் கரைத்த மாவைக் கல்லில் விசிறி ஊற்றி நிதானமாக முறுகவிட வேண்டும், அவசரப்படுத்தினால் நடுவில் மொதமொதவென்று வரும். பொங்கலை இந்த நேரத்தில் தவிர்ப்பது நல்லது, ஆறி இறுகியிருக்கும், மேலே நெய் விட்டுக் கொடுத்தாலும் ஏமாறாதீர்கள். வடை சூடாக இல்லையென்றால் சாம்பார் வடையாகக் கேளுங்கள்.

மதியப் பசியையும் சேர்த்து அடக்கவேண்டும் இல்லையா? அதற்கு ஒரு தயிர் சாதம் வாங்கி இரண்டு பேர் பங்கிட்டுக்கொள்ளலாம், 11 மணி நெருங்கும்போது புதிதாகக் கலந்தது வந்துவிடும். முழுச் சாப்பாடு வாங்கிப் பங்கு போடப் பல இடங்களில் விடமாட்டார்கள், கேட்டுச் சங்கடப்பட வேண்டாம்.

காபி கடைசியில். தண்ணீர் கலக்காத பாலும் புது டிகாஷனும்தான் கும்பகோணம் டிகிரி காபிக்கு உயிர், அதனால் "இப்ப இறக்கின டிகாஷனா?" என்று கேட்பதில் தப்பே இல்லை. சர்க்கரை கம்மியா, ஸ்ட்ராங்கா என்பதையும் முன்னாடியே சொல்லிவிடுங்கள். நெடுஞ்சாலை ஓரத்தில் பித்தளை டவரா வைத்துப் போர்டு மாட்டிய கடைகளில் எல்லாம் இதை எதிர்பார்க்காதீர்கள்.

வெளியூரிலிருந்து வருகிறவர்கள் கோயிலை முதலில் முடித்துவிட்டு வாருங்கள். சாப்பிட்டுவிட்டுப் போனால் மதியம் நடை சாத்தியிருக்கும், திரும்பத் திறக்கச் சாயங்காலம் ஆகிவிடும். திருவையாறு வழியாகத் திரும்புகிறவர்கள் அசோகா அல்வாவை அங்கேயே வாங்கிக்கொள்ளலாம், அதுவும் பாசிப்பருப்புதான், ஆனால் நெய்யும் சர்க்கரையுமாகக் கையில் ஒட்டும். கடப்பாவை மட்டும் பார்சல் கட்டி நாள் முழுக்க வண்டியில் வைத்திருக்காதீர்கள், தேங்காய் அரைத்தது, வெயிலுக்குக் கெட்டுவிடும்.