இரு பல்கலைக்கழகங்கள், ஒரு கணினி அறநெறிப் பாடம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோலாலம்பூரிலோ பினாங்கிலோ உள்ள ஒரு கணினித் துறை, தமிழ்நாட்டுக் கல்லூரி ஒன்றோடு சேர்ந்து இயங்கலையில் அறநெறிப் பாடம் நடத்த முன்வருகிறது. விரிவுரையாளர்கள் இருவரும் மாறி மாறிப் பேச, அறுபது மாணவர்கள் ஒலிவாங்கியை அடைத்துவிட்டுக் கேட்கிறார்கள். இதைக் கூட்டுக் கற்றல் என்று சொல்ல முடியாது. விரிவுரையைப் பதிவுசெய்து ஒரு வாரம் முன்பே அனுப்பிவிடுங்கள். நேரலை நேரம் மாணவர்கள் தங்களுக்குள் வாதிடுவதற்கே.

வாதம் எழ வேண்டுமானால் சிக்கலைச் சரியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். பெரும்பாலான பிழை இங்கேதான் நடக்கிறது. மென்பொருள் பிழை கொண்ட தெராக்-25 என்ற கதிர்வீச்சுச் சிகிச்சைக் கருவியால் 1985 முதல் 1987 வரை ஆறு நோயாளிகள் அளவுமீறிய கதிர்வீச்சுக்கு ஆளான நிகழ்வு பல பாடத்திட்டங்களில் உண்டு. அதைக் கட்டாயம் படிக்க வேண்டும். ஆனால் கோலாலம்பூர் மாணவரும் கோயம்புத்தூர் மாணவரும் அதில் ஒரே முடிவுக்குத்தான் வருவார்கள். அதற்கு இரண்டு நாடு எதற்கு?

இரு பக்கத்தாரும் கைப்பேசியில் வைத்திருந்த ஒன்றை எடுங்கள். கோவிட் தொற்றைக் கண்காணிக்க 2020இல் மலேசியாவில் மைசெஜாத்தெரா செயலி வந்தது. கடைவாசலில் கியூஆர் குறியீட்டை வருடி வருகையைப் பதிந்தோம். அதே நோக்கில் அதே ஆண்டு இந்தியாவில் வந்த ஆரோக்ய சேது செயலி, புளூடூத்தையும் ஜிபிஎஸ்ஸையும் நம்பியது. மலேசியாவில் 2010ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருந்தது. ஆனால் அது கூட்டரசையும் மாநில அரசுகளையும் கட்டுப்படுத்தாது. இந்தியாவில் அப்போது அத்தகைய தனிச்சட்டம் இல்லை, 2023இல்தான் வந்தது. ஆனாலும் தனியுரிமை அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றம் 2017இலேயே தீர்ப்பளித்திருந்தது. ஒரு பக்கம் சட்டம் இருந்தும் அரசைத் தொடவில்லை. மறுபக்கம் சட்டமே இல்லை, உரிமை இருந்தது. இதை ஒரு பக்க மாணவர்கள் மறுபக்கத்தாருக்கு விளக்கியே ஆகவேண்டும். அந்தக் கட்டாயத்தில்தான் பாடம் பிறக்கிறது.

அடுத்த தவறு வேலைப் பங்கீடு. "மலேசியப் பகுதியை நீங்கள் எழுதுங்கள், இந்தியப் பகுதியை நாங்கள் எழுதுகிறோம்" என்று பிரித்துக்கொண்டால், கடைசி இரவில் இரண்டு கட்டுரைகளை ஒட்டிக் கொடுப்பார்கள். மாற்றிக் கொடுங்கள்: மலேசிய மாணவர் இந்தியச் சட்டத்தைப் பற்றி எழுதட்டும், இந்திய மாணவர் திருத்தட்டும், பிறகு மறுதலையாக. குழுவுக்கு நால்வர், இரு பக்கமும் இருவர். ஒருவர் வராமல் போனாலும் அந்தப் பக்கத்துக் குரல் மிஞ்சும். முதல் வாரத்தை அறிமுகத்துக்கு விட்டுவிடுங்கள். முன்பின் அறியாதவரிடம் யாரும் மாற்றுக்கருத்தைத் துணிந்து சொல்வதில்லை.

மொழியிலும் ஒரு சறுக்கல் உண்டு. தமிழ் பேசும் மூவர் குழுவில் சேர்ந்தால் பேச்சு தானாகத் தமிழுக்குத் திரும்பும். நான்காமவரான மலாய் அல்லது சீன மாணவர் வாய்மூடி உட்கார்ந்திருப்பார். அறநெறி வகுப்பிலேயே ஒருவரை ஒதுக்கிவிடுகிறோம். குழுவின் பொதுமொழியை முதல் நாளே எழுத்தில் முடிவுசெய்யச் சொல்லுங்கள்.

நேரக் கணக்கு எளிது: மலேசியா இந்தியாவைவிட இரண்டரை மணி நேரம் முன்னே. இங்கே காலை பத்து மணி, அங்கே ஏழரை. கல்லூரிப் பேருந்தே புறப்பட்டிருக்காது. மலேசிய நேரம் பிற்பகல் மூன்று மணி இருவருக்கும் ஒத்துவரும். வெள்ளிக்கிழமை நண்பகல் தொழுகை நேரத்தைத் தொடாதீர்கள். ஜெர்மனி போன்ற நாட்டோடு இணைந்தால் அக்டோபர் கடைசி ஞாயிறன்று ஆறு மணி நேர இடைவெளி ஏழாகிவிடும். பாதி மாணவர்கள் தவறான நேரத்தில் நுழைவார்கள். பருவத் தேதிகளையும் ஒப்பிட்டுப் பாருங்கள். மலேசியாவில் பல பொதுப் பல்கலைக்கழகங்களில் அக்டோபரில் பருவம் தொடங்கும்போது தமிழ்நாட்டில் முடிவை நெருங்கிக்கொண்டிருக்கும். இடையில் தீபாவளியும் வரும். எனவே ஐந்து வாரத்துக்கு மேல் திட்டமிடாதீர்கள்.

தனியுரிமையைக் கற்பிக்கும் வகுப்பே அதை மீறுவதுதான் மிக வருந்தத்தக்கது. பெயர், மாணவர் எண், கைப்பேசி எண் எல்லாம் கொண்ட விரிதாளை இணைப்பு உள்ள எவரும் திறக்கும்படி பகிர்கிறார்கள். ஒப்புதல் கேட்காமல் புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் சேர்க்கிறார்கள். அந்த நொடியே ஒரு மாணவியின் எண் முன்பின் தெரியாத அறுபது பேரிடம் போய்விடுகிறது. எண் தேவைப்படாத பாடத்தளத்திலேயே உரையாடலை வையுங்கள். பதிவுசெய்யும் முன் யார் பார்ப்பார்கள், எந்தத் தேதியில் அழிக்கப்படும் என்று சொல்லி ஒப்புதல் வாங்குங்கள். மறுப்பவர் எழுத்தில் பங்கேற்க வழிவிடுங்கள், மதிப்பெண்ணைக் குறைக்காதீர்கள்.

மதிப்பெண் என்றதும் இன்னொன்று. ஒரு பக்கம் இருபது விழுக்காடு, மறுபக்கம் வெறும் பங்கேற்புச் சான்றிதழ் என்றால் இரண்டாம் வாரத்திலேயே ஒரு பக்கம் காணாமல் போகும். எடையைச் சமமாக்க முடியாவிட்டால் தொடங்கும் முன்பே இரு வகுப்புக்கும் அதைத் தெரிவித்துவிடுங்கள். முடிவு சரியா தவறா என்பதற்கு மதிப்பெண் இடாதீர்கள். மறுபக்கத்தாரின் வாதத்தை அவர்களே ஏற்கும் வகையில் எழுதியிருக்கிறாரா என்று பார்த்து இடுங்கள். அதைப் படித்து ஒப்பவேண்டியவர் அந்தப் பக்கத்து மாணவரே.