அப்ரண்டிஸ் எடுக்கும் பட்டறைகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இனப் பாகுபாடு என்றதும் வெள்ளையர், கறுப்பர் என்று எங்கோ தொலைவில் நடக்கும் செய்தியாக நினைக்கிறோம். 1965இல் ஐ.நா. ஏற்ற இனப் பாகுபாடு ஒழிப்பு உடன்படிக்கை நிறத்தோடு வம்சாவளியையும் சேர்த்தே சொல்கிறது. சாதியும் அதில் அடங்கும் என்று அதன் குழு 2002இல் விளக்கியது. அப்படிப் பார்த்தால் மண்டபம், பாம்பன், கீழக்கரை, தொண்டி என்று நம் கடற்கரை நெடுக உள்ள என்ஜின் பட்டறைகளும் வெல்டிங் கூடங்களும் ஐஸ் ஆலைகளும் இதில் சேர்த்திதான்.

முதல் தவறு, தெரிந்தவர் மூலமாக மட்டுமே ஆள் எடுப்பது. "நம் பையன் யாராவது இருந்தால் அனுப்புங்கள்" என்று முதலாளி சொல்லும்போது அவர் மனத்தில் வஞ்சகம் இருக்காது. ஆனால் இங்கே குடியிருப்புகளே சாதிவாரியாக, மதவாரியாகப் பிரிந்து கிடக்கின்றன. அந்தச் சொல் அவருடைய தெருவைத் தாண்டிப் போகாது. அறிவிப்பை எழுதி அரசு ஐ.டி.ஐ., ஜமாத், தேவாலயம், ஊராட்சி அலுவலகம், இலங்கைத் தமிழ் அகதிகள் வாழும் மண்டபம் முகாம் எல்லாவற்றுக்கும் ஒரே நாளில் கொடுங்கள். நேர்முகத்தில் "எந்தத் தெரு, அப்பா யார்" என்று கேட்காதீர்கள். எதற்காகக் கேட்கிறீர்கள் என்பது அந்தப் பிள்ளைக்குத் தெரியும். பழுதான பம்பு ஒன்றைக் கொடுத்துக் கழற்றி மாட்டச் சொன்னால் வேண்டிய விவரம் கிடைத்துவிடும்.

1961ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் (அப்ரண்டிஸ்) சட்டம் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் இடம் ஒதுக்கச் சொல்கிறது. பிற்படுத்தப்பட்டோரும் பின்னர் சேர்க்கப்பட்டனர். 30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம், தன் ஆள்பலத்தில் 2.5 முதல் 15 விழுக்காடு வரை பழகுநர்களை எடுத்தே ஆக வேண்டும். இந்தக் கணக்கை நிரப்பியதோடு கடமை முடிந்தது என்று நினைப்பது அடுத்த தவறு.

என்னை மிகவும் வருத்துவது அதற்குப் பின் நடப்பதுதான். ஒருவன் மேஸ்திரியின் பக்கத்தில் நின்று இன்ஜெக்டரைக் கழற்றுகிறான். இன்னொருவன் டீசலில் பாகங்களைக் கழுவுகிறான், கூட்டுகிறான், தேநீர் வாங்கி வருகிறான். ஓராண்டுக்குப் பின் இருவருக்கும் சான்றிதழ் உண்டு, தொழில் ஒருவனுக்குத்தான் தெரியும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கரையேறி என்ஜின்கள் முழுதாகப் பிரிக்கப்படும். ஆண்டு முழுவதும் கிடைக்காத பாடம் அந்த 61 நாட்களில் கிடைக்கும். அப்போது என்ஜினில் கை வைத்தவர் யார், சாமான் சுமந்தவர் யார் என்று ஒரு நோட்டில் தினமும் எழுதுங்கள். ஒரே பெயர் திரும்பத் திரும்பச் சுமைக்கு நேராக வந்தால், மறுநாளே வேலையை மாற்றிக் கொடுங்கள்.

மண்டபம் முகாமில் பிறந்து வளர்ந்த பிள்ளைகளை "பேப்பர் சரியில்லை" என்று அனுப்பிவிடுவதும் வழக்கமாக இருக்கிறது. 1987 ஜூலை 1 முதல் இங்கே பிறப்பதால் மட்டும் இந்தியக் குடியுரிமை கிடைப்பதில்லை; அது அந்தப் பிள்ளையின் குற்றமா? உண்மையில் தேவைப்படும் ஆவணம் எது என்று முதலில் விசாரியுங்கள். முகாமில் ஆள் கணக்கெடுக்கும் நாளில் விடுப்புக் கொடுங்கள். அவர்களுடைய பேச்சு வழக்கைப் பழித்துக் காட்டிச் சிரிப்பதைப் பட்டறையில் அடியோடு நிறுத்துங்கள்.

"பழக வந்தவன்தானே" என்று ஒப்பந்தமே போடாமல் வைத்திருப்பது சட்டப்படியும் தவறு. ஒப்பந்தம் பதிவாக வேண்டும், மாத உதவித்தொகை தர வேண்டும், காயம் பட்டால் இழப்பீடு முதலாளியின் பொறுப்பு. தாளில் ஒன்றும் இல்லாவிட்டால் அதிகம் இழப்பவர், கேட்க ஆளில்லாத குடும்பத்துப் பிள்ளைதான்.

தனி டம்ளர், சாதியைக் குத்தும் பட்டப்பெயர், வெள்ளிக்கிழமைத் தொழுகைக்குப் போனால் முகச்சுளிப்பு, பெண் பிள்ளைகளுக்குக் கழிப்பறை இல்லாத நிலை: இவற்றுக்கு விளக்கமே வேண்டாம்.

மூத்த மெக்கானிக் சாதி சொல்லித் திட்டினால் "அவர் சுபாவம் அப்படி, பொறுத்துக்கொள்" என்று சமாதானம் சொல்கிறார்கள். பிள்ளை நின்றுவிட்டால் "இவர்கள் நிலைத்து வேலை செய்ய மாட்டார்கள்" என்று முடிவு கட்டி, அடுத்த ஆண்டு அந்தத் தெருவையே ஒதுக்குகிறார்கள். யாராவது பாதியில் நின்றால் வீட்டுக்குப் போய்க் காரணம் கேளுங்கள். முறையீட்டைக் கேட்பவர் அந்த மூத்தவரின் உறவினராக இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.