பழைய காருக்கு முதல் பாலிஷ்: எடுப்பதை அளந்து எடுங்கள்

பாலிஷ் போடுவதென்றால் எதையோ பூசுவதென்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அது தேய்த்து எடுக்கும் வேலை. கீறலின் அடிமட்டம் வரை சுற்றியுள்ள பெயின்ட்டைக் குறைத்தால்தான் கீறல் மறையும். எடுத்தது திரும்ப வராது. பதினைந்து வருடம் ஓடிய காரில், முன்பு வைத்திருந்தவர் எத்தனை முறை ரப்பிங் காம்பவுண்டு (பெயின்ட்டை அதிகம் தேய்த்தெடுக்கும் கரடான பசை) போட்டாரென்று வெளியே பார்த்துச் சொல்ல முடியாது. அதனால் மிஷினைக் கையில் எடுப்பதற்கு முன் இரண்டு விஷயம் தெரிந்தாக வேண்டும்: என்ன பெயின்ட், எவ்வளவு மிச்சம்.

வெள்ளைத் துணியில் சிறிது பாலிஷ் தொட்டு, கண்ணில் படாத ஓரிடத்தில், கதவின் அடிப்பகுதி போல, தேய்த்துப் பாருங்கள். துணியில் காரின் நிறம் ஏறினால் அது ஒற்றை அடுக்கு பெயின்ட். நிறமும் பளபளப்பும் ஒரே படலத்தில் இருக்கின்றன. நிறம் ஏறாவிட்டால் மேலே கிளியர் கோட் என்ற நிறமற்ற படலம் இருக்கிறது. வெள்ளைக் காருக்குக் கறுப்புத் துணியை எடுங்கள், இல்லாவிட்டால் எதுவும் தெரியாது. ஒரே ஒரு பேனலில் பார்த்துவிட்டு முடிவு கட்டவும் கூடாது. பழைய காரில் ஒரு ஃபெண்டர் மட்டும் பின்னாளில் வேறு பெயின்ட் வாங்கியிருப்பது சகஜம்.

கம்பெனியில் அடித்த பெயின்ட் எல்லா அடுக்கும் சேர்த்துப் பொதுவாக 100 முதல் 150 மைக்ரான் இருக்கும். சாதாரண அச்சுத் தாள் ஒன்றின் தடிமன் ஏறக்குறைய 100 மைக்ரான். அதற்குள் கிளியர் கோட்டின் பங்கு 35 முதல் 50 மைக்ரான்தான். கரடான காம்பவுண்டை ஒருமுறை நன்றாக ஓட்டினால் 2 முதல் 4 மைக்ரான் வரை போய்விடலாம். கடைசியில் மெருகேற்றப் போடும் ஃபினிஷிங் பாலிஷ் ஒரு மைக்ரானுக்கும் குறைவாகவே எடுக்கும்.

தடிமன் பார்க்கும் கேஜை ஒருநாள் இரவல் வாங்கியாவது பயன்படுத்துங்கள். பேனலுக்கு ஐந்தாறு இடங்களில் வைத்துக் குறித்துக்கொள்ளுங்கள். 80 மைக்ரானுக்குக் கீழே காட்டும் பேனலில் வெட்டும் பாலிஷே வேண்டாம், வேக்ஸ் மட்டும் போடுங்கள். 80க்கும் 100க்கும் நடுவில் என்றால் ஃபினிஷிங் பாலிஷோடு நிறுத்துங்கள். 200க்கு மேல் காட்டினால் மறுபெயின்ட். 500ஐத் தாண்டினால் அடியில் பள்ளம் நிரப்பிய பட்டி இருக்கிறதென்று வைத்துக்கொள்ளலாம். எண் பெரிதாக இருப்பதால் தைரியமாகத் தேய்க்கலாம் என்று அர்த்தமில்லை: பட்டியும் பிரைமரும் கனமாக இருந்து, மேலே கிளியர் கோட் பெயருக்கு இருக்கலாம். காந்தத்தால் அளக்கும் கேஜ் இரும்புத் தகட்டில் மட்டுமே வேலை செய்யும். பிளாஸ்டிக் பம்பரிலும் அலுமினியத்திலும் அதை நம்பாதீர்கள்.

பாலிஷால் சரியாகாதவை சில உண்டு. ரூஃபிலும் பானெட்டிலும் கிளியர் கோட் வெள்ளைத் திட்டுகளாகத் தூக்கிக்கொண்டு நின்றால், அது மறுபெயின்ட் வேலை. அதன் விளிம்பில் மிஷின் பட்டால் திட்டு இன்னும் பெரிதாகும். நகத்தைக் குறுக்கே ஓட்டும்போது தட்டுப்படும் கீறலும் பாலிஷுக்கு அடங்காது. விளிம்பை மழுங்க வைத்து, பளிச்சென்று தெரியாமல் செய்யலாம், அவ்வளவே.

கழுவுவதில்தான் பாதி வேலை

பேனலில் ஒட்டியிருக்கும் ஒரு மணல் துகள் மிஷினில் மாட்டும் பேடுக்குள் சிக்கினால், நீங்கள் எடுக்க வந்த கீறலை நீங்களே போடுவீர்கள். ஷாம்பு ஒரு வாளி, கையுறையை அலச வெறும் தண்ணீர் ஒரு வாளி என்று வைத்துக்கொண்டு மேலிருந்து கீழே கழுவுங்கள். ஒட்டியிருக்கும் சாலைத் தாரை அதற்கான ரிமூவரால் எடுங்கள். பிறகு இரும்புத்தூள் நீக்கியைத் தெளித்தால், பிரேக்கிலிருந்து பறந்து ஒட்டிய துகள்கள் ஊதா நிறத்தில் வழியும். அது காயும் முன்பே தண்ணீர் அடித்துவிடுங்கள்.

இப்போது மெல்லிய பிளாஸ்டிக் பைக்குள் கையை விட்டு பேனலைத் தடவுங்கள். வெறும் கைக்கு வழுவழுப்பாகத் தெரிந்தது சொரசொரவென்று இருக்கும். ஒட்டிய அழுக்கைப் பிடுங்கும் களிமண் போன்ற கிளே பாரைத் தட்டையாக்கி, லூப்ரிகன்ட்டைத் தாராளமாகத் தெளித்து, அழுத்தாமல் முன்னும் பின்னும் ஓட்டுங்கள். சத்தம் அடங்கி வழுக்கத் தொடங்கினால் அந்த இடம் முடிந்தது. கிளே தரையில் விழுந்தால் யோசிக்காமல் தூக்கிப் போடுங்கள்.

துடைத்துக் காயவைத்த பின் டேப் ஒட்டுங்கள். ரப்பர் பீடிங், எழுத்துச் சின்னங்கள், சொரசொரப்பான கறுப்பு பிளாஸ்டிக், பேனலின் கூரான மடிப்புகள் எல்லாவற்றிலும். கறுப்பு பிளாஸ்டிக்கில் காம்பவுண்டு ஏறிக் காய்ந்தால் வெள்ளைக் கறையாக நின்றுவிடும். மடிப்புகளில் பெயின்ட் இயல்பாகவே மெலிந்திருக்கும், பேடின் அழுத்தமும் அங்கேதான் குவியும். புதியவர்கள் பிரைமர் வரை தேய்த்துவிடுவது பெரும்பாலும் இந்த இடங்களில்தான்.

மிஷினும் பேடும்

முதல் முறைக்கு டூயல் ஆக்‌ஷன் மிஷின்தான். அதில் பேட் சுற்றிக்கொண்டே அச்சும் நகர்ந்து ஆடும். ரோட்டரி மிஷின் ஒரே அச்சில் சுற்றுவதால் வெட்டும் வேகம் அதிகம், சூடும் அதிகம். கொஞ்சம் சாய்ந்தாலும் ஹோலோகிராம் எனப்படும் சுழல் கோடுகள் விழும். டூயல் ஆக்‌ஷனில் அழுத்தம் கூடினால் சுழற்சி நின்று அதிர்வு மட்டும் இருக்கும், அதுவே ஒரு பாதுகாப்பு. பேடை ஒட்டும் தட்டான 5 அங்குல பேக்கிங் பிளேட், அதற்கு ஏற்ற ஃபோம் பேடுகள்: நடுத்தரம் நாலு, மென்மையானது இரண்டு. வெட்டுவதற்கு ஒரு மைக்ரோஃபைபர் பேட் கையிருப்பில் இருக்கட்டும். பேடில் கஞ்சத்தனம் பார்க்காதீர்கள். ஒரே பேடோடு காரை முடிக்க நினைப்பவர்கள்தான் பாலிஷ் சரியில்லை என்று புலம்புவார்கள். பேக்கிங் பிளேட்டின் விளிம்பில் மார்க்கரால் ஒரு கோடு போட்டு வையுங்கள். ஓடும்போது அந்தக் கோடு சுற்றுகிறதா, நின்ற இடத்தில் நடுங்குகிறதா என்று கண்ணுக்குத் தெரியும்.

பானெட்டில் 50க்கு 50 சென்டிமீட்டர் சதுரம் ஒன்றை டேப்பால் பிரித்து, அங்கே சோதித்துப் பாருங்கள். தொடக்கம் எப்போதும் ஃபினிஷிங் பாலிஷும் மென்மையான பேடும். போதவில்லை என்றால் அதே பாலிஷை நடுத்தர பேடில், அதற்குப் பிறகு நடுத்தர பாலிஷ், கடைசியில்தான் காம்பவுண்டு. எடுத்ததும் காம்பவுண்டில் கை வைப்பவருக்கு, குறைவாக எடுத்திருந்தாலே போதுமா என்பது கடைசி வரை தெரியாது. ஒற்றை விளக்கொளியில் பத்தில் எட்டுக் கீறல் காணாமல் போயிருந்தால், பழைய காருக்கு அது போதும். மிச்சம் இரண்டைத் துரத்திக்கொண்டு போவதில்தான் கிளியர் கோட் தீர்கிறது.

ஓட்டும் விதம்

கார் நிழலில் நிற்க வேண்டும். பேனல் கைக்குக் குளிர்ச்சியாக இருக்க வேண்டும். புதுப் பேடில் முதல் தடவை பேடின் முகப்பு முழுக்கப் பாலிஷைத் தேய்த்து விடுங்கள். அடுத்த தடவையிலிருந்து பட்டாணி அளவில் நாலு பொட்டு போதும். மிஷினை நிறுத்திய நிலையில் பேனலில் ஒற்றி, முதல் வேகத்தில் பரப்பி, பிறகு நாலு அல்லது ஐந்துக்கு ஏற்றுங்கள். கை நகரும் வேகம் நொடிக்கு இரண்டு மூன்று சென்டிமீட்டர். பலருக்கும் இது எரிச்சலூட்டும் அளவுக்கு மெதுவாகத் தோன்றும். ஒவ்வொரு வரிசையும் முந்தையதில் பாதியை மூடட்டும். இடவலமாக ஒன்று, மேல்கீழாக ஒன்று என மாற்றி மாற்றி நாலு முறை. பேட் தட்டையாகப் படிந்திருக்க வேண்டும், கோடு சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும். அந்த இரண்டும் சரியாக இருந்தால் அழுத்தமும் சரி.

நாலு முறை ஆனதும் பாலிஷ் எண்ணெய்ப் படலம் போலக் கண்ணாடியாகத் தெரியும். அப்போதே துடையுங்கள். பேடை ஒரு பிரஷால் தட்டிச் சுத்தம் செய்துவிட்டு அடுத்த சதுரத்துக்குப் போங்கள். ஒன்றிரண்டு பேனலுக்கு ஒருமுறை பேடையே மாற்றுங்கள். புறங்கையால் பேனலை அடிக்கடி தொட்டுப் பாருங்கள். இளஞ்சூடு பரவாயில்லை, கையை வைத்திருக்க முடியாவிட்டால் அளவு மீறிவிட்டது. பம்பர் பிளாஸ்டிக் என்பதால் சூடு பரவாமல் ஒரே இடத்தில் தேங்கும், அங்கே வேகத்தைக் குறைத்து ஓட்டுங்கள்.

ஒற்றை அடுக்கு பெயின்ட்டில், அதுவும் வெளுத்துப் போன சிவப்பில், பேட் இரண்டு நிமிடத்தில் நிறமாகிவிடும். பயப்பட வேண்டாம், இறந்த மேல்படலம்தான் வருகிறது. ஆனால் அடைத்துக்கொண்ட பேட் வெட்டாது, சூடு மட்டும் ஏற்றும். சதுரத்துக்குச் சதுரம் சுத்தம் செய்ய வேண்டும். சுண்ணாம்பு போலக் காய்ந்திருந்தால், வெட்டாத, எண்ணெய்ப்பசை நிறைந்த கிளேஸை முந்தைய நாளே கையால் தேய்த்து இரவு முழுக்க ஊற விடுங்கள். பெயின்ட் அதை உறிஞ்சி நிறம் ஆழமாகும், மறுநாள் வெட்ட வேண்டியதும் குறையும். தூசி பறக்கும் என்பதால் முகக்கவசம் போடுங்கள். பழைய பெயின்ட்டில் ஈயம் கலந்திருக்க வாய்ப்புண்டு.

கோளாறு வந்தால்

பாலிஷ் பொடியாகப் பறந்தால் ஒன்று பேனல் சூடு, அல்லது பேட் காய்ந்திருக்கிறது. பிசுபிசுவென்று துடைக்க வராவிட்டால் போட்ட பாலிஷ் அதிகம். கீறல் போய் மங்கலான புகை நின்றால், வெட்டும் பேட் விட்ட தடம் அது. மென்மையான பேடில் ஃபினிஷிங் பாலிஷை ஒருமுறை ஓட்டினால் தெளிந்துவிடும். எதுவுமே மாறவில்லை என்றால், பாலிஷை மாற்றும் முன் மார்க்கர் கோட்டைப் பாருங்கள். வளைவான பேனலில் சுழற்சி நின்றுபோயிருக்கும்.

துடைத்ததும் தெரியும் பளபளப்பை அப்படியே நம்ப வேண்டாம். பாலிஷில் உள்ள எண்ணெய் நுண்ணிய கீறல்களை நிரப்பி மறைக்கும். இரண்டு மழைக்குப் பின் அவை எட்டிப் பார்க்கும். 10 முதல் 15 சதவீதம் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைத் தண்ணீரில் கலந்து தெளித்துத் துடைத்த பிறகே விளக்கடித்துப் பாருங்கள். சோதனைச் சதுரத்திலும் இது பொருந்தும்.

இந்தத் துடைப்பு முடிந்த கையோடு, மெல்லிய ஒரு படலமாக வேக்ஸோ, சீலன்ட் என்ற செயற்கைப் பாதுகாப்புப் பூச்சோ போட்டாக வேண்டும். புதிதாகத் திறந்த பரப்பை வெறுமையாக வெயிலில் நிறுத்தக் கூடாது. வேக்ஸ் இரண்டு மூன்று மாதம் நிற்கும், சீலன்ட் இன்னும் கொஞ்சம் கூட. பேடுகளை அன்றே வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் கசக்கி, முகம் கீழே பார்க்கக் காயவைத்துவிடுங்கள். உலர்ந்து இறுகிய பாலிஷ் அடுத்த முறை மணலாக மாறும்.