லேப்டாப்பில் எழுத்து விழவில்லையா? ஸ்க்ரூடிரைவரைக் கீழே வையுங்கள்

இராமநாதபுரம் கடலோரத்தில் லேப்டாப் பழுது பார்ப்பவனுக்குக் கீபோர்டு வேலை ஓயாது. பாம்பனோ, கீழக்கரையோ, ஜன்னலைத் திறந்தால் உப்புக்காற்று வரும். ஆடி மாதம் என்றால் கூடவே பொடிமணலும் வரும். தொழில் பழக வரும் பையன்கள் கையில் முதலில் சிக்குவதும் கீபோர்டுதான். அந்தக் காலத்தில் நாங்கள் செய்த அதே சேதாரத்தை அச்சுப் பிசகாமல் செய்கிறார்கள். டீயைக் கொட்டாதீர்கள் என்பது போன்ற உபதேசங்களை விட்டுவிடுகிறேன். அவர்கள் செய்யும் தவறுகள்தான் கீழே உள்ள தலைப்புகள்.

எந்தெந்த விசை என்று குறிக்காமல் தொடங்குவது

விசைக்கு ஒரு கம்பி என்று கிடையாது. குறுக்கும் நெடுக்குமாகத் தடங்கள் ஓடுகின்றன. அவை சந்திக்கும் இடங்களில் விசைகள் இருக்கின்றன. ஒரே ஒரு விசை மட்டும் வேலை செய்யவில்லை என்றால் அதன் அடியில் பாருங்கள், மணல் இருக்கும். சம்பந்தமே இல்லாத நாலைந்து விசைகள் ஒன்றாகப் படுத்துவிட்டால் ஒரு தடம் அறுந்திருக்கலாம், அல்லது ஸ்ட்ரிப்பின் (மதர்போர்டுக்குப் போகும் தட்டைக் கேபிளின்) முனையில் உப்புப் பூத்திருக்கலாம். இதை யோசிக்காமல் நாலைந்து மூடிகளையும் நெம்பி, அடியில் இருக்கும் வெள்ளைக் கிளிப்பின் காதுகளை உடைத்துவிடுகிறார்கள்.

வெளிக் கீபோர்டைச் செருகிப் பார்க்காமல் விலை சொல்வது

சொல்லாதீர்கள்.

கோளாறு விண்டோஸில் இருக்கும்போது கீபோர்டைக் கழற்றுவது

வலப்பக்க ஷிப்டை 8 விநாடி அழுத்திக்கொண்டிருந்தால் ஃபில்டர் கீஸ் பற்றி ஒரு கேள்வி வரும். படிக்காமல் ஆம் என்று தட்டிவிட்டால், அதன்பின் வேகமாகத் தட்டும் எழுத்துகள் விழாது. விண்டோஸ் தொடங்கும் முன் திறக்கிற பயாஸ் அமைப்புத் திரைக்குப் போய்த் தட்டிப் பாருங்கள். அங்கே வேலை செய்யும் விசை கெட்டுப்போன விசை இல்லை.

லாக்கைத் திறக்காமல் ஸ்ட்ரிப்பை இழுப்பது

இதை நினைத்தாலே எனக்கு இன்னும் எரிச்சல் வருகிறது. கீபோர்டிலிருந்து மதர்போர்டுக்குப் போகும் தட்டைக் கேபிள்தான் ஸ்ட்ரிப். அது நுழையும் சாக்கெட்டில் ஈர்க்குச்சி கனத்தில் ஒரு பிளாஸ்டிக் பட்டை இருக்கும்; அதுதான் லாக். சிலவற்றில் அது மூடிபோல மேலே நிமிரும். சிலவற்றில் இரண்டு ஓரங்களையும் பிடித்து லேசாக வெளியே நகர்த்த வேண்டும். எது எந்த வகை என்று விளக்கு வெளிச்சத்தில் பார்த்தால் தெரிந்துவிடும். பார்க்க யாருக்குப் பொறுமை இருக்கிறது? ஸ்க்ரூடிரைவரை விட்டு நெம்புகிறார்கள். பழைய பிளாஸ்டிக் முறுமுறுவென்று இருக்கும். ஒரு காது உடைந்தால் பட்டை தெறித்து மேஜைக்கு அடியில் போய்விடும். அதன்பின் ஸ்ட்ரிப் பிடிப்பில்லாமல் நிற்கும். இன்று எழுத்து விழும், நாளை லேப்டாப்பைத் தூக்கி வைத்தால் விழாது.

மண்டபத்துக் கருவாட்டு வியாபாரி ஒருவரின் லேப்டாப் அப்படித்தான் என்னிடம் வந்தது. வேறொரு கடையில் அதைக் கழற்றிய பையன் லாக்கை உடைத்துவிட்டு, ஸ்ட்ரிப்பைச் சாக்கெட்டோடு பசை போட்டு ஒட்டியிருந்தான். "ஆடாமல் இருக்கட்டும் என்றுதான் அண்ணே" என்றான், கேட்டபோது. பசை ஊசிக் கால்களுக்கு நடுவே இறங்கிக் கல்லாகியிருந்தது. சாக்கெட்டையே மாற்ற வேண்டியதாயிற்று. ஒரு புதுக் கீபோர்டு விலையைத் தாண்டியது கூலி. முதலில் இருந்த கோளாறு என்ன தெரியுமா? முனையில் பூத்த உப்பு. ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைத்துக் காயவைத்திருந்தால் தீர்ந்திருக்கும்.

முதலில் பேட்டரி இணைப்பைக் கழற்றுங்கள். பிறகு விரல் நகத்தால் லாக்கைத் திறங்கள். திறந்துவிட்டால் ஸ்ட்ரிப் தானாக வழுக்கி வரும். கொஞ்சம் முரண்டு பிடித்தாலும் இன்னும் திறக்கவில்லை என்று அர்த்தம். வெளிச்சம் வரும் கீபோர்டாக இருந்தால் பக்கத்தில் இன்னொரு சின்ன ஸ்ட்ரிப் ஒளிந்திருக்கும்.

ஸ்ட்ரிப் முனையைப் பிளேடால் சுரண்டுவது

கறையோடு பூச்சும் போய்விடும்.

கடல் தண்ணீர் பட்டதை அரிசியில் புதைப்பது

தண்ணீர் காயும், உப்பு காயாது. அடுத்த ஈரக்காற்றில் அதுவே மறுபடி ஈரத்தை இழுத்துத் தடங்களை அரிக்கும்.

உப்பிய பேட்டரியைக் கீபோர்டு கோளாறு என்று நினைப்பது

நடுவில் இருக்கும் விசைகள் மட்டும் மேடாகி அழுந்த மறுக்கின்றனவா? லேப்டாப்பை மூடி, சமமான மேஜையில் வையுங்கள். ஆடினால் பேட்டரி மேல் சந்தேகப்படுங்கள். சார்ஜரைப் பிடுங்கிவிட்டு, அமுக்காமல், குத்தாமல் பேட்டரியை மாற்றுங்கள். லித்தியம் பேட்டரி கிழிந்தால் தீப்பிடிக்கும். மாற்றிய பிறகு கீபோர்டைத் தட்டிப் பாருங்கள். பெரும்பாலும் அதில் செய்ய வேலையே இருக்காது.